வழியோரத்து அருவியும் தூக்கிவைத்த கின்னரமும்



மூன்று வாரங்கள் உங்களைவிட்டு விலகியிருந்து, தேவனுடைய கிருபையால் சுகமாய்த் திரும்பியிருக்கிறோம். நாங்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையைத் தாங்கி நடத்திய உபதேசியாருக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் என் நன்றி. ஜப்பானைப்பற்றி எழுதவேண்டும் என்று வாலிபர் கூட்டத்தார் கேட்டிருக்கிறார்கள். கோபே துறைமுகத்தையும் அதிவேக ரயிலையும் எங்கள் பேத்தி படிக்கும் மழலையர் பள்ளியையும் ஒரு மாலைக் கூடுகையில் படங்களோடு காட்டிவிடலாம். இந்த வாரத் தியானத்தில் ஒரே ஓர் இடத்தைப்பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். அது ஒரு மலைச்சாலையின் ஓரத்தில் விழுகிற அருவி. காரை நிறுத்தாமல் கடந்துபோயிருந்தாலும் நாங்கள் எதையோ இழந்துவிட்டதாக எண்ணியிருக்க மாட்டோம்.

எழுதுமுன் என் மனைவியிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. ஆனா அன்னைக்கு என்ன பாட்டுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். நான் இன்றுவரை கேட்கவில்லை.

நீங்கள் அறிந்திருக்கிறபடி, எங்கள் இளைய மகன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இருபத்து நான்கு வயது. அந்த நாட்களில் நீங்கள் எங்களைத் தாங்கிய விதத்தை நான் மறக்கவில்லை. நாற்பது நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பெரியாதபடி முறைவைத்து உணவு கொண்டுவந்தீர்கள். ஆனால் ஒரு காரியத்தை உங்களில் சிலர் மட்டுமே கவனித்திருப்பீர்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடகர் குழுவில் பாடிவந்த உங்கள் ஐயரம்மா, அடக்க ஆராதனைக்குப் பிறகு பாடவேயில்லை. ஆராதனைக்கு வருவாள். பாமாலைப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து கையில் ஏந்தி நிற்பாள். உதடுகள் அசையாது. வீட்டில் குடும்ப ஜெபத்திலும் அப்படியே. பாட்டை நான் தொடங்குவேன், நானே முடிப்பேன்.

இங்கே நான் என் குற்றத்தைச் சொல்லியாகவேண்டும். பத்து மாதங்கள் பொறுத்திருந்தேன். அதன்பின் எனக்குள் ஒரு பதற்றம் உண்டாயிற்று. அது அவளுக்காக உண்டான பதற்றம் என்று அப்போது நம்பினேன். உயிர்த்தெழுதலின் பண்டிகை நெருங்கியபோது, "சபை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு பாட்டுக்காவது குழுவோடு நில். அது ஒரு சாட்சியாயிருக்கும்" என்றேன். மறுத்துப் பேசாமல் வெள்ளைப் புடவை உடுத்தி வந்து இரண்டாம் வரிசையில் நின்றாள். நான் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்களின் குரலில் அது மறைந்துபோனதால் உங்களில் ஒருவரும் அறிந்திருக்கமாட்டீர்கள். அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, "உங்களுக்குச் சாட்சி வேணும். எனக்கு என் பிள்ளை வேணும்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அதன்பின் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

இந்தச் சூழலில்தான் எங்கள் மகளும் மருமகனும் கோபேக்கு வரும்படி எங்களை வற்புறுத்தி அழைத்தார்கள்.

மே மாதத்தின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிகோக்கு தீவின் மலைகளுக்குள் இருக்கும் இயா பள்ளத்தாக்குக்குக் காரில் புறப்பட்டோம். கோபேயிலிருந்து அவாஜி தீவுக்குச் செல்ல அகாஷி ஜலசந்தியின்மேல் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அதன் முழு நீளம் 3,911 மீட்டர். கோபுரங்கள் இரண்டுக்கும் இடையே 1,990 மீட்டர் இருக்கும்படி திட்டமிட்டிருந்தார்கள் என்று பொறியாளராகிய மருமகன் ஓட்டிக்கொண்டே சொன்னார். கோபுரங்களும் பெருவடங்களும் எழும்பியிருந்த நிலையில், 1995 ஜனவரி 17 அதிகாலையில் பூகம்பம் வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பூகம்பம் அது. பாலம் விழவில்லை. ஆனால் கோபுரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகிப்போயின. "அதை எப்படிச் சரிசெய்தார்கள்?" என்று கேட்டேன். "சரிசெய்ய முடியாது, மாமா. அந்த ஒரு மீட்டரைச் சேர்த்தே மீதிப் பாலத்தைக் கட்டி 1998-இல் திறந்தார்கள். இப்போது அளவு 1,991" என்றார். பின்னிருக்கையில் பேத்தியை மடியில் வைத்திருந்த என் மனைவி, "ஒரு மீட்டரா?" என்று மட்டும் கேட்டாள்.

தீவைக் கடந்து தொக்குஷிமா மாநிலத்துக்குள் நுழைந்தபோது தொயோஹிகோ ககாவாவை நினைத்துக்கொண்டேன். இறையியல் கல்லூரி நாட்களில் அவரைப்பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதியவன் நான். 1888-இல் கோபேயில் பிறந்து, நான்கு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்து, இந்தத் தொக்குஷிமாவில்தான் அவர் வளர்ந்தார். 1904-இல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். பிற்பாடு கோபேயின் சேரியில் ஏழைகளோடு ஏழையாய்க் குடியிருந்தார். 1938-இல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். தாயற்ற அந்தப் பிள்ளை எந்த வழியாய் நடந்தானோ என்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். தெரிந்ததெல்லாம் வெங்காய வயல்களும் யோஷினோ ஆறுமே.

இக்கேடா என்னும் ஊரில் ஆறு வளைகிறது. நாமும் அதோடு தெற்கே திரும்புகிறோம். அதன்பின் மலைகள் இருபுறமும் நெருங்கிவிடுகின்றன. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கி ஒதுங்கவேண்டிய அளவுக்குச் சில இடங்களில் சாலை ஒடுங்குகிறது. பள்ளத்தில் மரகத நிறத்தில் இயா ஆறு ஓடுகிறது. சரிவுகளில் எட்டாத உயரத்தில் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதல்நாள் இரவு பெய்த மழையில் பாறைகள் யாவும் கசிந்துகொண்டிருந்தன.

இத்தனை ஒதுக்கமான இடத்துக்கு மனிதர் ஏன் வந்தார்கள்? அந்த மலைநாட்டார் சொல்லும் பதில் இது. 800 ஆண்டுகளுக்கு முன்பு ஹெய்க்கே, கெஞ்சி என்னும் இரு குலங்கள் ஐந்தாண்டுகள் போரிட்டன. 1185-இல் தன்-நோ-உரா கடற்போரில் ஹெய்க்கே குலம் அழிந்தது. சிறுவனாகிய பேரரசன் அந்தோக்குவும் அங்கே நீரில் மூழ்கி மாண்டான். தப்பிப்பிழைத்தவர்களில் சிலர் வாளுக்கு அஞ்சி இந்தப் பள்ளத்தாக்குக்குள் ஓடிவந்து, பெயரை மறைத்து விவசாயிகளாய்க் குடியேறினார்கள் என்பது வழிவழியான பேச்சு. அந்தச் சிறுவனும் தப்பி இங்கே வந்தான் என்றுகூட இவ்வூரார் சொல்லிக்கொள்கிறார்களாம். சரித்திரம் அதை ஏற்கவில்லை. ஆனாலும், செத்த பிள்ளை சாகவில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஜனங்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே ஆற்றின் குறுக்கே காட்டுக்கொடிகளால் பின்னப்பட்ட பாலம் ஒன்று இருக்கிறது. 45 மீட்டர் நீளம், தண்ணீருக்கு மேலே 14 மீட்டர் உயரம். பகைவர் வந்தால் வெட்டிவிடத்தக்கதாக ஹெய்க்கே அகதிகள் இதைக் கொடியால் அமைத்தார்கள் என்பதும் அவர்கள் கதையே. இப்போது கொடிகளுக்குள்ளே இரும்பு வடம் மறைந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடிகளைப் புதிதாக்குகிறார்கள். மிதிக்கும் கட்டைகளுக்கு இடையே ஒரு பாதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே ஆறு தெரியும். விசுவாசத்தைப்பற்றி இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்த உங்கள் போதகர், இரண்டு கைகளாலும் கொடியைப் பற்றிக்கொண்டு, எண்பது வயது மதிக்கத்தக்க ஜப்பானிய மூதாட்டி ஒருவர் பின்னால் பொறுமையாகக் காத்துநிற்க, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தார். மருமகன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை வாலிபர் கூட்டத்துக்குக் காட்டப்போவதில்லை.

என் மனைவி பாலத்தில் ஏறவில்லை. மகளும் பேத்தியும் உப்புத் தடவிக் கரியில் சுட்ட ஆற்றுமீன் விற்கும் கடையருகே நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் பக்கத்துச் சாலைப் பாலத்தின் வழியாய் அக்கரைக்கு நடந்துபோனாள். நாங்கள் கொடிப்பாலத்தைவிட்டு இறங்கிச் சாலையோடு சில அடிகள் நடந்ததும் அருவி தெரிந்தது.

சுமார் 40 மீட்டர் உயரமிருக்கும். கருத்த பாறையின்மேல் படிப்படியாய்ச் சிதறி வெண்ணிறமாய் இறங்குகிறது. குற்றாலத்தை அறிந்த நம் கண்களுக்கு அது பெரிய அருவி அல்ல. ஒருவரும் குளிக்கவுமில்லை. அருவியைக் கண்டும் தலைநனைக்காமல் போகிற ஜனங்களை நான் அங்கேதான் பார்த்தேன். ஆனால் முந்தின இரவின் மழையால் அன்று அதன் இரைச்சல் பெரிதாயிருந்தது. பக்கத்தில் நின்ற மருமகன் என் காதருகே வாய் வைத்துப் பேசவேண்டியிருந்தது. அதன் பெயர் பிவா அருவி என்றார். பிவா என்பது நம் வீணையைப்போல மடியில் வைத்து மீட்டும் நரம்பு வாத்தியம். ஹெய்க்கே குலத்தின் அழிவைப் பார்வையற்ற பாடகர்கள் அதை மீட்டித்தான் ஊர் ஊராய்ப் பாடினார்கள். தப்பிவந்த அகதிகள் தாங்கள் இழந்துபோன தலைநகரை நினைத்து, ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும்படி இந்த அருவியின் அருகே அமர்ந்து பிவாவை மீட்டினார்களாம். ஆகவே இந்தப் பெயர்.

"ஏன் அருவிக்குப் பக்கத்தில்?" என்று உரக்கக் கேட்டேன். மருமகன் தோளைக் குலுக்கினார். கதை அதைச் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கணத்திலேயே எனக்கு ஒரு விடை தோன்றிற்று. அது என் ஊகமேயன்றி வேறல்ல. ஒளிந்து வாழ்கிறவன் வீட்டில் வாத்தியத்தை மீட்டினால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அருவியின் கீழே மீட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்கு அன்றி வேறொருவருக்கும் கேட்காது.

அப்பொழுதுதான் என் மனைவியைக் கண்டேன். அருவிக்கு மிக அருகே, சாரல் படுகிற இடத்தில், எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். உதடுகள் அசைந்தன. முதலில் ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு வலதுகையைப் பார்த்தேன். தோள்பையின்மேல் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பாடகர் குழுவில் நிற்கும்போது பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் அவள் போடுகிற அதே தாளம். ஒவ்வோர் அடியின் முடிவிலும் சுண்டுவிரலைச் சற்றே உயர்த்துவாள். தொண்டை ஏறி இறங்கியது. வாயை முழுவதும் திறந்து, முழுக்குரலில் பாடிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் நின்ற எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

என் கால்கள் முன்னே போகத் துடித்தன. அருகே போனால் கேட்டுவிடலாம். முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்தவனுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டியது. எங்கே கண்ணீரைக் கண்டாலும் அங்கே போய் நின்று எதையாவது சொல்லவேண்டும். மருமகன் என் முழங்கையைப் பிடித்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் திரும்பி, சாலையின் மறுபக்கம் போய், ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டோம். கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். அவள் வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. சாரல்தான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "மீன் ஆறிப்போயிருக்கும், வாங்க" என்றாள்.

திரும்புகிற வழியில் பேத்தி தூங்கிவிட்டாள். ஒருவரும் பேசவில்லை. நான் 137-ஆம் சங்கீதத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். பாபிலோனின் ஆறுகளருகே சிறைப்பட்டவர்கள் தங்கள் கின்னரங்களை அலரிச்செடிகளில் தூக்கிவைத்த சங்கீதம். (சிறுவயதில் அந்த அலரியை எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்து அரளி என்றே எண்ணியிருந்தேன். எபிரெயச் சொல் ஆற்றோரத்தில் வளரும் ஒரு மரத்தைக் குறிப்பது என்று கல்லூரியில் படித்த பின்பும், அந்தச் சங்கீதத்தை வாசிக்கும்போது அரளிப்பூவின் வாசனை போகவில்லை.) இந்தச் சங்கீதத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கின்னரத்தைத் தூக்கிவைத்தவர்களின் பக்கத்தில்தான் நின்றேன். போதகன் வேறெங்கே நிற்பான்? ஆனால் அந்தச் சங்கீதத்தில் மற்றொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். துக்கப்படுகிறவர்களிடம் வந்து, ஒரு பாட்டுப் பாடுங்கள், மகிழ்ச்சியான பாட்டாய்ப் பாடுங்கள் என்று கேட்டவர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்றே விளக்கிவந்தேன். அன்று காரில் அமர்ந்திருக்கும்போதுதான், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின வாரம் என் வீட்டுச் சமையலறையில் அவர்களுடைய வார்த்தையைப் பேசியவன் நானே என்று கண்டேன். என் நோக்கம் நல்லதாயிருந்தது. அவர்களில் சிலருக்கும் நோக்கம் நல்லதாய் இருந்திருக்கக்கூடும். அந்நிய நாட்டுச் சங்கீதத்தைக் கேட்க ஆசைப்பட்டிருக்கலாம்.

வீடு சேர்ந்தபின் 42-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். அது கோராகின் புத்திரருடையது. அவர்கள் ஆலயத்துப் பாடகர் குலத்தார். பாடுவதையே ஊழியமாய்ப் பெற்ற குலத்தில் ஒருவன், ஆலயத்துக்கு வெகுதூரத்தில், யோர்தான் தேசத்தில் எர்மோன் மலைப்பக்கத்தில் இருந்துகொண்டு, ஒருகாலத்தில் பண்டிகை கொண்டாடுகிற கூட்டத்தோடு பாடிக்கொண்டு போனதை நினைத்து அழுகிறான். எர்மோனின் அடிவாரத்தில் யோர்தானின் ஊற்றுகள் பெருக்கெடுக்கும் இடத்தில் பனியாஸ் என்னும் அருவி இன்றும் விழுகிறது. அப்படிப்பட்ட ஓர் இரைச்சலின் நடுவில்தான் அவன் பேசுகிறான். நம்முடைய தமிழ் வேதாகமம் அதை மதகுகளின் இரைச்சல் என்கிறது. சின்னோர் என்னும் அந்த எபிரெயச் சொல் வேதம் முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. குளத்து மதகு திறக்கும்போது அருகே நின்றவர்களுக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்களின் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

இத்தனை ஆண்டுகளாய் அந்த இரைச்சலை நான் துன்பத்தின் அடையாளமாக மட்டுமே விளக்கினேன். அலைகள் அவன்மேல் புரண்டுபோகின்றன. ஆகையால் அது துன்பமே, சந்தேகமில்லை. ஆனால் அவை தேவனுடைய மதகுகள், தேவனுடைய அலைகள் என்று அவன் சொல்லுகிறானே! அடுத்த வசனத்திலேயே இராக்காலத்தில் தன்னோடிருக்கும் ஒரு பாட்டைப்பற்றிப் பேசுகிறான். இந்த இரண்டு வசனங்களும் எப்படி அடுத்தடுத்து நிற்கக்கூடும் என்று மாணவனாயிருந்தபோது தேர்வுத்தாளில் இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. இயா பள்ளத்தாக்கின் சாலையோரத்தில் நின்றபோது, அந்த மனிதன் ஒருவேளை அந்த இரைச்சலுக்குள்ளேயே பாடியிருப்பான் என்று தோன்றிற்று. "உன் தேவன் எங்கே?" என்று நாள்தோறும் கேட்டவர்களுக்கு அது கேட்டிருக்காது. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் கேட்டிருக்காது.

இரண்டு நாள் கழித்து, கோபேயில் படுக்கப்போகுமுன் அவளிடம், "அந்தப் பண்டிகை நாளில் உன்னை நிற்கச் சொன்னது என் தவறு" என்றேன். "ஆமா" என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து, "நீங்க மட்டும் அழாமலே பிரசங்கம் பண்ணிட்டிருந்தீங்க. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

நாங்கள் ஊர் திரும்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. அவள் இன்னும் பாடகர் குழுவில் சேரவில்லை. எப்போது சேருவாள் என்று குழுவின் தலைவர் மிகுந்த அன்போடு என்னிடம் கேட்டார். நான் அவளிடம் கேட்கப்போவதில்லை. நீங்களும் கேட்கவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். இரண்டாம் வரிசையில் அவளுடைய இடத்தில் வேறொரு சகோதரியை நிறுத்திக்கொள்ளலாம். அதனால் அவள் வருத்தப்படமாட்டாள்.

இப்போது அவள் இடதுபுறத்து மூன்றாம் தூணருகே உட்காருகிறாள். அங்கே மேலே சுழலுகிற பழைய மின்விசிறி மிகவும் இரைகிறது என்றும், அதை மாற்றிவிடவேண்டும் என்றும் சென்ற கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாயிருக்கிறது. அந்தத் தீர்மானத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும்படி கமிட்டியாரைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.